அறுபது விழுக்காடு சிரிப்பு

நற்றுணை ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் கோவில்பட்டிக் கிளையில் காளீஸ்வரன் விதிமுறை இணக்க மேலாளர். சுருக்கமாகக் கம்ப்ளையன்ஸ் என்பார்கள். பாலிசி விற்பது அவர் வேலை இல்லை. பணம் வாங்குவதும் கொடுப்பதும் அவர் வேலை இல்லை. விற்றவர்களும் வாங்கியவர்களும் கொடுத்தவர்களும் விதிப்படி நடந்துகொண்டார்களா என்று பார்த்து, பார்த்தேன் என்று கையெழுத்துப் போடுவதுதான் அவர் வேலை. மாதக் கடைசியில், இந்த மாதம் போட வேண்டிய கையெழுத்துகளையெல்லாம் போட்டுவிட்டேன் என்று ஒரு தாளில் எழுதி, அதற்கும் ஒரு கையெழுத்துப் போடுவார். பதினோரு வருடத்தில் ஒன்றுகூட விடுபட்டதில்லை. இரண்டு முறை பாராட்டுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார். அதில் ஒன்று, கோப்புகள் பார்க்கும் அறைக்குள் யாரும் கைபேசி கொண்டுபோகாதபடி வாசலில் பூட்டு வைத்த பெட்டி ஒன்றை மாட்டியதற்காகக் கிடைத்தது.

கிளை அலுவலகம் ஒரு கடலைமிட்டாய்க் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறி வருகிறவர்களுக்கு முதலில் வெல்லப்பாகு வாசம் வரும், அப்புறம் சுவரில் பலகை வரும். ‘உங்கள் புன்னகையே எங்கள் பொறுப்பு’ என்று எழுதி, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் பனிமலை முன்னால் நின்று சிரிக்கிற படம் போட்டிருக்கும். கரிசல்காட்டில் இருந்து ஏறி வருகிற பெண்கள் அந்தப் பனியை உப்பளம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன வருடம் ஆனி மாதத்தில் அந்தப் பலகை வாசகத்தைத் தலைமையகம் உண்மையாகவே எடுத்துக்கொண்டுவிட்டது.

எங்கோ வடக்கே ஒரு மாநிலத்தில், செத்துப்போன அத்தையின் புகைப்படத்தைக் கேமரா முன்னால் பிடித்து, அத்தை உயிரோடு இருப்பதாகக் காட்டி, அத்தை பேரில் வர வேண்டிய பணத்தை ஒருவன் வாங்கிவிட்டான். அதற்கப்புறம் நிறுவனத்துக்குப் புகைப்படம் என்றாலே நடுக்கம் வந்துவிட்டது. இறந்தவருக்கான தொகையைப் பெறும் வாரிசு, தான் உயிரோடு இருப்பதைக் கேமராவுக்கு நிரூபிக்க வேண்டும் என்று விதி வந்தது. உயிர்ப்புச் சோதனை என்று பெயர். மூன்று முறை கண் சிமிட்ட வேண்டும். இடப்பக்கம் திரும்ப வேண்டும், வலப்பக்கம் திரும்ப வேண்டும். கடைசியாகச் சிரிக்க வேண்டும். சிரிப்பைச் செயலியே அளந்து மதிப்பெண் போடும். அறுபது விழுக்காட்டுக்குக் குறைந்தால் ஆள் உயிரோடு இருப்பதாக ஏற்க முடியாது.

தென்மண்டலத் தலைவர் செல்வகணேஷ் சென்னையில் இருந்து காணொளியில் தோன்றி இதை விளக்கினார். எழுபத்திரண்டு கிளைகளும் கேட்டன.

“புகைப்படம் கண் சிமிட்டாது. வீடியோவாக இருந்தால் சிமிட்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிரி என்று சொன்னதும் சிரிக்காது. சொன்ன உடனே சிரிப்பது மனிதனால் மட்டும்தான் முடியும். இருபது வருடமாக இந்த நிறுவனத்தில் இருக்கிறேன், எனக்குத் தெரியும்” என்றார்.

இன்னொரு நன்மையும் சொன்னார். இறப்புத் தொகை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் திருப்தியாக இருக்கிறார்கள் என்று இதுவரை நிறுவனத்திடம் புள்ளிவிவரம் இல்லாமல் இருந்தது. இனி அந்தச் சிரிப்பையே வாடிக்கையாளர் திருப்தியாகவும் பதிவு செய்துகொள்ளலாம். ஆண்டறிக்கையில் போடலாம்.

சாத்தூர்க் கிளையில் இருந்து யாரோ, வாரிசு துக்கத்தில் இருந்தால் என்ன செய்வது சார் என்று கேட்டார்கள். செல்வகணேஷ் கொஞ்சம் யோசித்தார்.

“துக்கம் வாடிக்கையாளர் பக்கத்துப் பிரச்சினை. நம் பக்கத்தில் செயலி நன்றாக வேலை செய்கிறது.”

காளீஸ்வரன் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். சாத்தூர்க் கிளை அதற்குப் பிறகு வந்த கூட்டங்களில் எதுவும் கேட்கவில்லை.

சீனித்தாயின் கோப்பு கார்த்திகையில் வந்தது. பசுவந்தனைக்கு மேற்கே நாலு மைலில் அவள் ஊர். ஐம்பது வயது. புருசன் எப்போதோ போய்விட்டான். ஒரே மகன் சுடலைக்குமார், இருபத்து நான்கு வயது, புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற யூனிட்டில் கட்டிங் மாஸ்டராக இருந்தான். தீபாவளி ஆர்டர் முடித்துவிட்டு நாலு நாள் தூக்கம் இல்லாமல் பைக்கில் வந்தவன், மழையில் ஓடைப்பாலத்தில் விழுந்தான். மூன்று நாள் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தான். அந்த மூன்று நாள் செலவுக்குச் சீனித்தாய் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்திருந்தாள். பொங்கலுக்குள் மீட்காவிட்டால் வீடு போய்விடும். மகன் எடுத்து வைத்த பாலிசி வந்தால் வீடு நிற்கும். விஷயம் இவ்வளவுதான். கோப்பு பதிவான நாளில் இருந்து நாற்பத்தைந்து நாளைக்குள் உயிர்ப்புச் சோதனை முடியாவிட்டால் செயலி கோப்பைத் தானாக மூடிவிடும், அப்புறம் திறக்காது.

பாலிசி பிடித்த ஏஜென்ட் திருப்பதி. பையனின் சவ எடுப்புக்கும் போய் வந்தவர். அவர் தன் கைபேசியைச் சீனித்தாயின் வீட்டு முற்றத்தில் ஒரு உரல் மேல் சாய்த்து வைத்துச் சோதனையை ஆரம்பித்தார். செயலிக்குள் இருந்து ஒரு பெண் குரல், பாடப்புத்தகத் தமிழில், கண் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினாள். திரும்பச் சொன்னது. திரும்பினாள். “தயவுசெய்து புன்னகைக்கவும்” என்றது.

சீனித்தாய் திருப்பதியைப் பார்த்தாள். திருப்பதி தரையைப் பார்த்தார். நாலு விழுக்காடு.

வாரத்துக்கு மூன்று முறைதான் முயலலாம். அடுத்த முறை ஊர் கூடிவிட்டது. மகனைப் பறிகொடுத்தவள் வருசம் திரும்புவதற்குள் பல் தெரியச் சிரித்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று முதலில் சில பெண்கள் தயங்கினார்கள். பத்திரம் மீட்பதற்காகத்தானே என்று பிறகு அவர்களே வந்து உட்கார்ந்தார்கள். திருப்பதியின் வண்டி கரிசலில் புதைந்து, அவர் இறங்கித் தள்ளி, செருப்பை மண்ணிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு போலீஸ் ஸ்டேஷன் வரை நடந்த கதையை ஒருவர் நடித்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள், திருப்பதியும் சிரித்தார். பின்னால் எட்டு முகம் ஒன்றாகச் சிரித்ததைக் கண்ட செயலி, ஒருவருக்கு மேல் இருக்கிறார்கள் என்று சொல்லி மூடிக்கொண்டது.

சீனித்தாய் ஏமாற்றவில்லை. முயன்றாள். உதட்டை இழுத்துப் பிடித்தாள், பல்லைக் காட்டினாள். இருபத்திரண்டு வந்தது. திரையில் ஒரு மஞ்சள் நிறப் பொம்மை முகம் தோன்றி, “இன்னும் கொஞ்சம்” என்று கண்ணடித்தது.

நான்காம் வாரம் காளீஸ்வரனின் கணினியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சீனித்தாயின் கோப்பில் சிரிப்பு எண்பத்தெட்டு விழுக்காடு. ஆனால் முகம் எழுபத்தொன்றுதான் பொருந்துகிறது. ஆள்மாறாட்டம் என்று செயலி எழுதியிருந்தது. இணக்க மேலாளர் நேரில் விசாரித்து அறிக்கை தர வேண்டும்.

அவர் போனார். இரண்டு பக்கமும் மக்காச்சோளம் கதிர் வாங்கி நின்றது. ஆள்மாறாட்டம் செய்தவர் யார் என்று கண்டுபிடிக்க அவர் எந்தச் சிரமமும் படவில்லை. வாசலுக்கு வந்து, நான்தான் சார் என்று சொன்னாள் பேச்சித்தாய். சீனித்தாயின் தங்கை. அக்காளைப் போலவே முகம், கொஞ்சம் சதை கூட. சீனித்தாய் உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேலே மாலை போட்ட படத்தில் சுடலைக்குமார் முறைத்துக்கொண்டிருந்தான். அது ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. அதை எடுத்த அலுவலகத்தில் சிரிக்கக் கூடாது என்று விதி.

நீங்கள் செய்தது குற்றம் என்று காளீஸ்வரன் முடிந்த அளவு மென்மையாகச் சொன்னார். பேச்சித்தாய்க்குப் பயம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது.

“என்ன சார் குத்தம்? பையன் போன அன்னைக்கு எங்க அக்காவுக்குத் தொண்ட கட்டிப் போச்சு. அழ முடியல. மூணு நாளு அவளுக்கும் சேத்து நான்தான் அழுதேன். வந்தவிய எல்லாரும் என்னியக் கட்டிப் புடிச்சுத்தான் அழுதாவ. நீ ஏன் அவளுக்குப் பதிலா அழுதன்னு ஒரு ஆளு கேக்கல. இப்ப அவளால சிரிக்க முடியல, நான் சிரிச்சேன். அழுகைய மாத்திக்கிடலாம், சிரிப்ப மாத்திக்கிடக் கூடாதா?”

காளீஸ்வரன் படிவத்தில் அடுத்த கேள்விக்குப் போனார். அவர் சீனித்தாயைப் பார்த்து, இது உங்களுக்குத் தெரிந்துதான் நடந்ததா என்று கேட்டார். விசாரணைப் படிவத்தில் அது மூன்றாவது கேள்வி.

“தெரியும் சார். அவ சிரிக்கத நான் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றாள்.

அலுவலகத்துக்கு வந்து அறிக்கை எழுதினார். ‘குற்றம் சாட்டப்பட்டவரின் விளக்கம்’ என்ற கட்டத்தில் பேச்சித்தாய் சொன்னதை ஒரு சொல் மாறாமல் தட்டினார். அந்தக் கட்டத்தில் எண்பது எழுத்துக்கு மேல் இடம் இல்லை. சென்னைக்குப் போய்ச் சேர்ந்த விளக்கம் ‘மூணு நாளு அவளுக்கும் சேத்து’ என்பதோடு நின்றுவிட்டது.

செல்வகணேஷ் காணொளியில் கோபப்படவில்லை. அவர் எப்போதும் கோபப்படுவதில்லை, அதற்கும் பயிற்சி உண்டு. ஒருவர் கணக்கில் இன்னொருவர் சிரிப்பு வந்து விழுந்தால் அது திருட்டு என்று பொறுமையாக விளக்கினார். ஆனாலும் நிறுவனத்துக்கு இதயம் உண்டு, எனவே தங்கை மீது புகார் கொடுக்க வேண்டாம், அக்காள் சிரித்தால் போதும் என்றார். காளீஸ்வரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, துக்கத்தில் இருப்பவர்களுக்கு விலக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். பதினோரு வருடத்தில் அவர் கூட்டத்தில் கேட்ட முதல் கேள்வி.

“துக்க விலக்கு கிடையாது. புன்னகை இயலாமை விலக்கு உண்டு. படிவம் பத்தொன்பது. மருத்துவர் சான்று தர வேண்டும். பாருங்கள் காளீஸ்வரன், நாம் எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறோம். என் அப்பா இறந்தபோது நானும் அடுத்த நாள் விற்பனைக் கூட்டத்துக்கு வந்தேன். எல்லாருக்கும் கைகொடுத்தேன். சிரித்துக்கொண்டுதான் கொடுத்தேன். முடியும்.”

கடைசிச் சொல்லுக்குப் பிறகு அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இணைப்பு நின்றுவிட்டதோ என்று கோவில்பட்டியில் நினைத்தார்கள்.

படிவம் பத்தொன்பதை எடுத்துக்கொண்டு, காளீஸ்வரன் சீனித்தாயையும் பேச்சித்தாயையும் கோவில்பட்டியில் ஒரு மருத்துவரிடம் கூட்டிப் போனார். வயதான மருத்துவர். படிவத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது முறை படித்தார். பிறகு சீனித்தாயைக் கன்னத்தை உப்பச் சொன்னார், விசிலடிப்பது போல் உதட்டைக் குவிக்கச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். எல்லாம் செய்தாள்.

“சிரிக்கிறதுக்கு உள்ள தசை எல்லாம் நல்லா இருக்கு. வாதம் இருந்தா எழுதித் தந்துருவேன். இவங்களுக்கு ஒரு குறையும் இல்லையே, நான் என்னன்னு எழுத?” என்றார். ஃபீஸ் வாங்கிக்கொள்ளவில்லை.

பேருந்து நிலையத்தில் அக்காள் தங்கை இரண்டு பேரையும் ஏற்றிவிட்டு வந்து, அந்த விதியின் மூலக் கடிதத்தை முழுக்கப் படிப்போம் என்று காளீஸ்வரன் தேடி எடுத்தார். எங்காவது ஒரு சந்து இருக்கும் என்று நம்பினார். நாற்பது பக்கம். கடைசிப் பக்கத்தில், நடைமுறைக்கு வரும் முன் எல்லாக் கிளைகளின் இணக்க மேலாளர்களிடமும் கருத்துக் கேட்கப்பட்டது என்று இருந்தது. கோவில்பட்டிக்கு நேரே ‘ஆட்சேபணை இல்லை’. பக்கத்தில் அவருடைய கையெழுத்து. அந்த மாதம் அவர் போட்ட முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகளில் ஒன்று. எதையும் படிக்காமல் போட்டதில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார். இதைப் படித்தது நினைவில் இல்லை. படித்துவிட்டுப் போட்டிருந்தால் அது இன்னும் மோசம் என்றும் தோன்றியது.

நாற்பத்து நான்காம் நாள், அலுவலக டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அவரே கிளம்பினார். ஆள்மாறாட்டச் சந்தேகம் வந்த கோப்புக்கு அதிகாரி நேரில் வைக்கிற ஒரு சோதனை பாக்கி இருந்தது. அதில் திரை இரண்டாகப் பிரியும். ஒரு பாதியில் வாரிசு இப்போது தெரிவார். மறு பாதியில் பாலிசி எடுத்தபோது பதிவு செய்த படம் தெரியும், அதிகாரி ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. வாரிசு அந்தப் பழைய படத்தைப் பார்க்கக் கூடாது என்பது பதினான்காம் விதி. அதனால் டேப்லெட்டின் முதுகுக் கேமராவைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்தக் கேமரா எட்டு மாதமாக உடைந்து கிடந்தது. பழுதுபார்க்கும் விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாகக் காளீஸ்வரனே மாதாமாதம் கையெழுத்திட்டு வந்தார்.

வேறு வழியில்லை. முகக் கேமராவைப் போட்டு, திரையைச் சீனித்தாயின் பக்கம் திருப்பி அவள் கையிலேயே கொடுத்தார். அவர் பக்கத்தில் குனிந்து நின்றார். முற்றத்தில் யாரையும் நிற்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மார்கழி வெயில் நல்ல வெளிச்சமாக இருந்தது. சிமிட்டினாள். இடப்பக்கம், வலப்பக்கம். அப்புறம் திரை இரண்டாகப் பிரிந்தது.

பாலிசி எடுத்த அன்றைக்குச் சுடலைக்குமாரே கைபேசியை நீட்டிப் பிடித்து எடுத்த படம் அது. வாரிசின் முகம் மட்டும் போதும் என்று செயலி சொல்லியிருக்கும். அவன் கேட்கவில்லை. தாயின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறான். காதோரம் தலைமுடியில் ஒரு வெள்ளை நூல் ஒட்டியிருக்கிறது, கட்டிங் டேபிளில் இருந்து வந்தது. சீனித்தாய் அவனை ஏதோ வைதுகொண்டிருக்கிறாள், வாய் பாதி திறந்திருக்கிறது. தாயும் மகனும் சேர்ந்து இருக்கும் படம் வேறு கிடையாது. அவன் கைபேசி ஓடைத் தண்ணீரோடு போய்விட்டது.

“தயவுசெய்து புன்னகைக்கவும்” என்றது குரல்.

அந்தக் குரலை அவள் கேட்டதாகத் தெரியவில்லை. காளீஸ்வரன் எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு. முப்பத்தொன்பது. அறுபத்தாறு. தொண்ணூற்று நான்கு. எண் நின்ற பிறகுதான் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார்.

“நன்றி. நீங்கள் உயிருடன் இருப்பது உறுதி செய்யப்பட்டது.” திரை மூடிக்கொண்டது.

சீனித்தாய் டேப்லெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடியும் முன்பக்கம் பார்த்தாள்.

“அதுக்குள்ள எங்க போனான்?” என்றாள்.

சோதனை முடிந்தால் படம் தானாக மூடிக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். சரி என்று தலையாட்டினாள். பேச்சித்தாய் ஓடி வந்து, பணம் வந்திரும்லா சார் என்று மூன்று முறை கேட்டாள். பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் வந்துவிட்டது. பத்திரம் வீட்டுக்கு வந்தது.

தொண்ணூற்று நான்கு விழுக்காடு, தென்மண்டலத்தில் அந்தக் காலாண்டின் உயர்ந்த சிரிப்பு. மண்டலம் முழுக்க, இழவு வீடுகளில் இவ்வளவு திருப்தி வேறெங்கும் பதிவாகவில்லை என்று செல்வகணேஷ் காணொளியில் பாராட்டினார். எழுபத்திரண்டு கிளைகளும் கைதட்டின, ஒலி அடைத்த நிலையில். எப்படிச் சாதித்தீர்கள், மற்ற கிளைகளுக்கும் சொல்லுங்கள் என்று கேட்டார். பதினான்காம் விதி காளீஸ்வரனின் ஞாபகத்துக்கு வந்தது.

“வெயில் நல்லா இருந்துச்சு சார்” என்றார்.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. உயிர்ப்புச் சோதனைகளைக் காலை பத்து முதல் பதினொன்றரை வரை, இயற்கை வெளிச்சத்தில், கிழக்கு நோக்கி நடத்தவும். அதற்கு ‘கோவில்பட்டி முறை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கருத்துக் கேட்ட கட்டத்தில் காளீஸ்வரன் ஆட்சேபணை இல்லை என்று எழுதினார். இந்த முறை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுதினார்.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை சீனித்தாய் தனியாகப் படியேறி வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பையில் புதுப் பாசிப்பயறு. அதை வாங்கினால் அன்பளிப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும், மதிப்புப் போட வேண்டும், ஏன் வாங்கினேன் என்று காரணம் சொல்ல வேண்டும். வேண்டாம்மா என்றார். வச்சுக்கிடுங்க சார், காட்டுல வெளஞ்சது என்றாள். மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் பலகையில் இருந்த பனிமலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள். “சார், அன்னைக்கு நான் ஒழுங்காத்தான் சிரிச்சனா?”

“தொண்ணூத்து நாலும்மா. இந்தப் பக்கத்துலயே அதுதான் கூட.”

“அதுக்கில்ல சார். ஏதாச்சும் தப்பு இருந்துச்சுன்னா மறுபடி வைங்க. நான் வந்து சிரிச்சிட்டுப் போறேன். பஸ்ஸு இருக்கு.”

தப்பு ஒன்றும் இல்லை, எல்லாம் முடிந்துவிட்டது, இனி நீங்கள் வரவே வேண்டியதில்லை என்று அவர் தைரியம் சொன்னார். அவள் தலையாட்டினாள், எழுந்திருக்கவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பதினோரு வருடமாக மனிதர்கள் எழுதிக்கொடுப்பதை மட்டுமே படித்து வந்தவருக்கு இதற்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

கோப்பில் உள்ள படத்தை வாடிக்கையாளர் கேட்டால் கொடுக்க வழி உண்டு. படிவம் முப்பத்தொன்று. படத்தில் இருக்கும் எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். படத்தில் இருவர் இருந்தார்கள். அந்தப் படிவத்தின் தமிழ் வாசகத்தை எழுதிக் கொடுத்தவரே காளீஸ்வரன்தான்.

வேறொரு வழியும் உண்டு. மூடிய கோப்பை இணக்க மேலாளர் மறு ஆய்வுக்காகப் பத்து நிமிடம் திறக்கலாம், வாரிசை எதிரே வைத்துக்கொண்டு. திறப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தை நாமாக எழுத முடியாது, பட்டியலில் இருக்கும் ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் சீனித்தாயைக் கோப்பு அறைக்குக் கூட்டிப் போனார். வாசலில் இருந்த பெட்டியில் தன் கைபேசியைப் போட்டார். பூட்டும்போது, இது உள்ளே வந்தால் திரையில் இருப்பதைப் படம் பிடித்துக் கொடுத்துவிடலாமே என்று கை ஒரு கணம் நின்றது. மேலே கண்காணிப்புக் கேமரா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அவருக்குத் துணிச்சல் வரவில்லை. பூட்டினார்.

கணினியில் பட்டியல் விரிந்தது. முதல் நான்கு காரணங்களும் சீனித்தாய் மீது சந்தேகப்பட்டன. போலிச் சான்று, போலி முகவரி, போலி உறவு, போலிச் சிரிப்பு. ஐந்தாவது மட்டும் வேறு மாதிரி இருந்தது.

“என்ன சார் யோசிக்கீங்க?”

“திறக்கணும்னா ஒரு சந்தேகத்தச் சொல்லணும்மா. உங்க மகன் உயிரோட இருக்காரோன்னு சந்தேகமா இருக்குன்னு போடுதேன். அப்பதான் திறக்கும்.”

சீனித்தாய் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“போடுங்க சார். எனக்கும் அப்பப்ப அந்தச் சந்தேகம் வரும்” என்றாள்.

பதினோரு வருடத்தில் காளீஸ்வரன் எழுதிய முதல் பொய் அது. செயலி எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. திரை இரண்டாகப் பிரிந்தது. ஓரத்தில் கடிகாரம் பத்து நிமிடத்தில் இருந்து பின்னோக்கி ஓட ஆரம்பித்தது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு குனிந்து, காதோரம் இருந்த நூலை விரல் நுனியால் தட்டினாள். கண்ணாடித் திரை. நூல் அங்கேயே இருந்தது.

“எத்தன மட்டம் சொன்னேன், வீட்டுக்குள்ள வாரப்ப தட்டிட்டு வாலேன்னு. சோத்துல விழுதுன்னு அன்னைக்கும் வைதுக்கிட்டுத்தான் இருக்கேன், பாருங்க” என்றாள். அப்போது சிரித்துக்கொண்டிருந்தாள். கேமரா திறந்திருந்ததால் யாரும் கேட்காமலே செயலி அதையும் அளந்தது. தொண்ணூற்றேழு என்று காட்டியது. காளீஸ்வரன் அந்த எண்ணின் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டினார்.

அவளுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். பத்து நிமிடம் முடிவதற்குள் சந்தேகம் உறுதியா, தவறா என்று அவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சந்தேகம் உறுதியானதாக எடுத்துக்கொண்டு, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் தானாகக் கிளம்பிவிடும். வீட்டுப் பத்திரம் மறுபடி போகும். மகன் இருக்கிறான் என்றால் வீடு இல்லை. வீடு இருக்க வேண்டும் என்றால் மகன் இல்லை என்று எழுத வேண்டும்.

எட்டு நிமிடம் போயிற்று. ஒன்பது நிமிடம் போயிற்று. அவள் படத்திடம் மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் காதில் விழாதபடி இரண்டடி தள்ளி நின்றார். எந்தக் கையெழுத்தையும் கடைசி நிமிடம் வரை வைத்திருந்து பழக்கம் இல்லாதவர், இதை வைத்திருந்தார். கடிகாரத்தில் பதினொரு நொடி இருந்தபோது, அம்மா என்று மட்டும் சொன்னார். அவள் விரலை எடுத்துக்கொண்டாள். அவர் எட்டி, தவறு என்ற கட்டத்தைத் தொட்டார். வாசகம் தானாக வந்து விழுந்தது. ‘காப்பீடு செய்யப்பட்டவர் உயிருடன் இல்லை என்பதை நேரில் உறுதி செய்தேன்.’ கீழே கையெழுத்துப் போட்டார்.

“நன்றி” என்றது குரல். திரை இருண்டது. இருண்ட கண்ணாடியில் அவர்கள் இருவர் முகமும் மங்கலாகத் தெரிந்தது.

சீனித்தாய் எழுந்து நாற்காலியை இருந்த இடத்தில் வைத்தாள். காலிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசல் வரை போய்த் திரும்பினாள்.

“இனி எப்ப சார் சந்தேகம் வரும்?”

ஒரே கோப்பின் மேல் ஒரு அதிகாரி மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் சந்தேகப்பட முடியும். காளீஸ்வரன் சுவரில் இருந்த நாட்காட்டியில் தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

“வைகாசி பிறக்கட்டும், வாங்கம்மா” என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.